பயணிகள் இல்லை என்பதால் அபாயம் குறைந்துவிடாது: இரவுச் சரக்கு விமானங்கள் குறித்து ஒழுங்குமுறை ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை ஆணையத்தின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

பயணிகளை ஏற்றாத, 5,700 கிலோவுக்கு மேற்படாத சரக்கு விமானங்களை இரவிலும் மோசமான வானிலையிலும் ஒரே விமானியைக் கொண்டு இயக்கலாம் என்று இதுவரை தற்காலிகமாக அளித்து வந்த விலக்கை நீங்கள் இப்போது நிரந்தரமாக்கியிருக்கிறீர்கள். கருத்துக் கேட்பின்போது விமானிகள் அனுப்பிய ஆட்சேபங்களுக்கு, விமானத்தில் பயணிகள் இல்லாததால் இந்த அபாயம் ஏற்கத்தக்கதே என்று ஒற்றை வரியில் பதில் தந்திருக்கிறீர்கள். இத்தகைய விமானங்களை நீண்ட காலம் இரவில் ஓட்டியவன், பின்னர் அவற்றை ஓட்ட இளைய விமானிகளுக்குக் கற்றுக்கொடுத்தவன் என்ற முறையில், அந்தப் பதிலைப் படித்துவிட்டு என்னால் வாளாவிருக்க முடியவில்லை.

உங்கள் ஆணையில் இரவு என்பது கடிகாரத்தில் குறிக்கப்படும் ஒரு கால அளவாக மட்டுமே வருகிறது. பகலில் மேகத்துக்கு வெளியே பறக்கும் விமானிக்குத் தொடுவானம் எப்போதும் கண்ணின் ஓரத்தில் இருந்துகொண்டே இருக்கும். இறக்கை ஒரு பக்கம் சாய்ந்தால் அவர் யோசிக்காமலேயே திருத்திக்கொள்வார். நிலவில்லாத இரவில், விளக்குகளே இல்லாத கடலுக்கோ காட்டுக்கோ மேலே பறக்கும்போது அந்தத் துணை அவருக்குக் கிடையாது. அப்போது உடல் தரும் தகவலும் நம்பத் தகுந்ததல்ல. உட்செவியின் அரைவட்டக் குழல்கள் விநாடிக்கு ஏறத்தாழ 2 பாகைக்கும் குறைவான வேகத்தில் நிகழும் திரும்பலை உணர்வதே இல்லை என்பதால், விமானம் மெல்ல மெல்லச் சாய்ந்துகொண்டிருக்கும்போதும் நேராகப் பறப்பதாகவே விமானிக்குத் தோன்றும். புறப்பாட்டின்போது விமானம் வேகமெடுத்தால், மூக்கு மேலே எழுவதாக மூளை தவறாக எடுத்துக்கொள்ளும். அதை நம்பி அவர் மூக்கைத் தாழ்த்தினால், ஓடுபாதை விளக்குகள் பின்னால் மறைந்த சில விநாடிகளிலேயே விமானம் தரையில் மோதிவிடும். தரையிறங்கும்போது வருவது வேறொரு மயக்கம். ஓடுபாதைக்கு முன்னால் வெளிச்சப் புள்ளி ஒன்றுகூட இல்லாத இருட்டு மட்டும் இருந்தால், தாம் உண்மையில் இருப்பதைவிட உயரத்தில் இருப்பதாக விமானிக்குத் தோன்றும். அவர் இன்னும் தாழ இறக்குவார். இவை திறமையற்றவர்களுக்கு மட்டும் நேர்பவை அல்ல. மனிதக் கண்ணும் காதும் உள்ள எவருக்கும் நேர்பவை. கருவிகளைப் பார், உடலை நம்பாதே என்று நாங்கள் கற்பிப்பதன் காரணம் இதுதான்.

ஆனால் கருவியே பொய் சொல்லும் இரவும் வரும். நான் கேப்டனாக ஓட்டிய இரட்டை எஞ்சின் டர்போபிராப் விமானம் ஒன்றில் ஆட்டோபைலட் பழுதென்று பதிவேட்டில் குறித்துவைத்து, விதிகள் அனுமதித்த கெடுவுக்குள் விமானத்தை அப்படியே இயக்கிக்கொண்டிருந்தோம். அடர்ந்த மேகத்துக்குள் ஏறிக்கொண்டிருந்தபோது விமானத்தின் சாய்வையும் மூக்கின் ஏற்ற இறக்கத்தையும் காட்டும் செயற்கைத் தொடுவானக் கருவி, என் பக்கத்தில் உள்ளது, மிக மெதுவாக வலப்பக்கம் சாய்வைக் காட்டத் தொடங்கியது. எச்சரிக்கைக் கொடி எதுவும் விழவில்லை, ஒலியும் இல்லை. வெளியே பார்த்துச் சரிபார்க்க ஒன்றுமில்லை. இறக்கை நுனி விளக்கின் ஒளி மேகத்தில் பட்டுச் சிதறுவது மட்டுமே தெரிந்தது. அந்த நேரத்தில்தான் துணை விமானி, "கேப்டன், என் பக்கம் நேராகத்தான் காட்டுகிறது" என்றார். நடுவிலிருந்த சிறிய மாற்றுக் கருவியும் அவர் பக்கத்தோடு ஒத்துப்போனது. விமானத்தை அவர் கையில் ஒப்படைத்தேன். பழுதான கருவியையே கண் மீண்டும் மீண்டும் தேடிப் போகும் என்பதால், ஒரு சரக்குச் சீட்டை மடித்து அதன் சட்டத்தில் செருகி அதை மறைத்தேன். அதன் பிறகு தரையிறங்கும் வரை அவர் ஓட்டினார், நான் வானொலியையும் வரைபடங்களையும் பார்த்துக்கொண்டேன். அந்த இரவில் விபத்து ஏதும் நடக்கவில்லை, ஆகவே எந்தப் புள்ளிவிவரத்திலும் அது இடம்பெறவில்லை. நீங்கள் கையெழுத்திட்டிருக்கும் ஆணைப்படி, எங்களுடையதைவிடச் சிறிய விமானங்களில் அந்த வலப்பக்க இருக்கை இனி காலியாக இருக்கும்.

காலியாக இருந்த இரவுகளும் உண்டு. 2008 ஏப்ரல் 9 அன்று, நள்ளிரவுக்குச் சற்று முன்பு, சிட்னியிலிருந்து பிரிஸ்பேனுக்குச் சரக்கோடு புறப்பட்ட மெட்ரோ III என்ற சிறிய இரட்டை எஞ்சின் விமானம் சில நிமிடங்களிலேயே கடலில் விழுந்தது. அதில் இருந்தவர் ஒரே விமானி. அவருடைய பிரதான தொடுவானக் கருவிக்கு மின்சாரம் கிடைக்காத நிலையில் விமானம் புறப்பட்டிருக்கவே வாய்ப்பு அதிகம் என்றும், இருட்டில் அவர் திசையுணர்வை இழந்திருக்கக்கூடும் என்றும் ஆஸ்திரேலியப் புலனாய்வாளர்கள் கருதினார்கள். மெட்ரோ உங்கள் எடை வரம்பைவிடச் சற்றே கனமானது. ஆனால் அதைவிடச் சிறிய, அதைவிடக் குறைந்த கருவிகள் கொண்ட விமானத்தில் தனியாக இருப்பவருக்கு நிலைமை எந்த விதத்தில் எளிதாகிவிடும் என்று உங்களைக் கேட்க விரும்புகிறேன். புறப்படுவதற்கு முந்தைய சரிபார்ப்புப் பட்டியலை ஒருவர் படிக்க மற்றவர் ஒவ்வொரு சுவிட்சாகத் தொட்டுப் பதில் சொல்வது சடங்குக்காக அல்ல. தனியாக இருப்பவர் தாமே படித்துத் தாமே பதில் சொல்லிக்கொள்கிறார். களைத்த கண், இருக்க வேண்டிய இடத்தில் சுவிட்ச் இருப்பதாகவே பார்த்துவிட்டுப் போகிறது.

இரண்டு விமானிகள் இருந்தும் விபத்துகள் நடந்திருக்கின்றனவே என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். 2016 ஜனவரி 8 அன்று, நள்ளிரவு கடந்த சிறிது நேரத்தில், ஆஸ்லோவிலிருந்து டிராம்சோவுக்கு அஞ்சல் ஏற்றிச் சென்ற சிஆர்ஜே-200 என்ற சிறிய ஜெட் விமானம் சுவீடனின் வடக்கில் மலைப்பகுதியில் விழுந்து இரண்டு விமானிகளும் இறந்தனர். ஒரு பக்கத்துக் கருவி, மூக்கு மேல்நோக்கி எழுவதாகத் தவறாகக் காட்டியது. அதை நம்பி மூக்கு கீழே தள்ளப்பட்டது. மறுபக்கக் கருவி சரியாகவே காட்டிக்கொண்டிருந்தது. தொடக்கம் முதல் தரையில் மோதும் வரை எல்லாம் 80 விநாடிகளில் முடிந்துவிட்டது. வெளியே பார்க்க ஒரு தொடுவானம் இருந்திருந்தால் எது பொய் என்று ஒரு பார்வையில் தெரிந்திருக்கும். இருவருக்கும் தாம் கண்டதைச் சொல்லிக்கொள்ளப் பொதுவான, பழகிய சொற்கள் இல்லாமல் போனதைச் சுவீடன் புலனாய்வாளர்கள் சுட்டிக்காட்டி, எதிர்பாராத நிலைமையில் முதலில் சொல்ல வேண்டிய சொற்களை வரையறுக்கும்படி பரிந்துரைத்தார்கள். இந்த விபத்திலிருந்து நான் எடுத்துக்கொள்வது, இரண்டாவது விமானிக்கு இரவில் பேசக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பதைத்தான். அவரை இறக்கிவிட வேண்டும் என்று இதிலிருந்து எப்படி வாதிட முடியும்?

அடுத்தது களைப்பு. இதை நீங்கள் பணி நேரக் கணக்காகவே பார்க்கிறீர்கள். எங்கள் அட்டவணை எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். மாலை இருட்டும் நேரத்தில் சிறிய நிலையத்திலிருந்து சரக்கை ஏற்றிக்கொண்டு மைய நிலையத்துக்குப் போவோம். அங்கே பெரிய விமானங்கள் வந்து பொதிகள் பிரிக்கப்பட்டு முடியும் வரை நடுநிசி முழுதும் காத்திருப்போம். சாய்வு நாற்காலி கிடைத்தால் அது அதிர்ஷ்டம், பெரும்பாலும் பொதி பிரிக்கும் பட்டைகளின் இரைச்சலுக்கு நடுவே கண்ணை மூடிக்கொண்டிருப்பதுதான் ஓய்வு. விடியலுக்கு முன் திரும்பப் புறப்பட வேண்டும். ஏட்டில் அந்தக் காத்திருப்பு நேரம் ஓய்வாகப் பதிவாகிறது. பகலில் தூங்கலாமே என்பார்கள். பகல் தூக்கம் இரவுத் தூக்கத்தைவிடக் குறுகியது, அடிக்கடி கலைவது, இரவுப் பணி செய்யும் எவரும் இதை அறிவார்கள். இந்த அட்டவணையில் திரும்பும் பயணத்தின் தரையிறக்கம் அதிகாலை 2 மணிக்கும் 6 மணிக்கும் இடையில் வந்து விழுகிறது. உடலின் உள்கடிகாரம் விழிப்பை மிகத் தாழ்வான மட்டத்துக்குக் கொண்டுபோகும் நேரம் அது. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் உள்ளவருடைய அளவுக்குக் குறைகிறது என்று 1997-இல் வெளியான ஆய்வு காட்டியது. மது அருந்திய விமானியை நீங்கள் ஒரு நாளும் பறக்க விடமாட்டீர்கள்.

2002 ஜூலை 26 அன்று, விடியலுக்கு முன், அமெரிக்காவின் டலஹாசி விமான நிலையத்தில் இறங்க வந்த போயிங் 727 சரக்கு விமானம் ஓடுபாதையை எட்டுவதற்கு முன்பே மரங்களில் மோதி விழுந்தது. அதில் இருந்த மூவரும் காயங்களோடு உயிர் தப்பினார்கள். ஓடுபாதைக்கு முன்னே விளக்கில்லாத இருட்டு. விமானம் தாழ்ந்துவிட்டதென்று ஓடுபாதை ஓரத்துச் சிவப்பு விளக்குகள் காட்டியும் இறக்கம் நிறுத்தப்படவில்லை. களைப்பும், துணை விமானியின் நிறப்பார்வைக் குறைபாடும் காரணங்களில் இடம்பெற்றன. 2013 ஆகஸ்ட் 14 அதிகாலையில் அமெரிக்காவின் பர்மிங்ஹாமில் ஏர்பஸ் ஏ300 சரக்கு விமானம் அதேபோல ஓடுபாதைக்கு முன்பே விழுந்து இரண்டு விமானிகள் இறந்தார்கள். அங்கும் களைப்பு குறிப்பிடப்பட்டது. பயணிகள் விமானிகளுக்கு ஒரு ஓய்வு விதி, சரக்கு விமானிகளுக்கு வேறொரு விதி என்ற பாகுபாட்டைப் பற்றி அந்த இருவரும் அந்தப் பயணத்துக்கு முன் பேசிக்கொண்டது குரல் பதிவுக் கருவியில் பதிவாகியிருந்தது. 2012 ஜனவரியில் வெளியிடப்பட்டு 2014 ஜனவரியில் அமெரிக்காவில் நடைமுறைக்கு வந்த புதிய ஓய்வு விதிகளிலிருந்து, செலவைக் காரணம் காட்டிச் சரக்கு விமானங்கள் விலக்கப்பட்டிருந்தன. இவை பெரிய விமானங்கள், அனுபவசாலிகள் கூட்டாக ஓட்டியவை, நல்ல கருவிகள் உள்ளவை. எங்களுடைய விமானங்களில் அவற்றில் பாதிகூட இல்லை.

சிறிய விமானங்களின் நிலையைத் தனியே சொல்ல வேண்டும். செஸ்னா 208 கேரவன் போன்ற ஒற்றை எஞ்சின் விமானத்துக்கு எஞ்சின் நின்றுபோனால், பகலில் விமானி ஒரு வயலையோ நேரான சாலையையோ தேடிக் கண்டுபிடிக்கலாம். இரவில் விளக்கு தெரியும் இடத்தில் மனிதர்கள் இருக்கிறார்கள், தெரியாத இடத்தில் என்ன இருக்கிறதென்று இறங்கிப் பார்த்தால்தான் தெரியும். இறக்கையில் பனி உறைகிறதா என்பதைப் பகலில் தலையைத் திருப்பினால் பார்த்துவிடலாம். இரவில் விளக்கைப் போட்டு அல்லது கைவிளக்கை அடித்து இறக்கையின் முன்விளிம்பை உற்றுப் பார்க்க வேண்டும், அதன் பிறகு மங்கிய கருவிகளுக்குக் கண் மீண்டும் பழக நேரம் பிடிக்கும். இருட்டுக்குக் கண் முழுமையாகப் பழக ஏறத்தாழ 30 நிமிடம் ஆகும். ஒரு கணம் அடித்த பளிச்சொளி அதைக் கெடுத்துவிடும். கேரவனில் பனி உறைந்து நேர்ந்த விபத்துகளுக்குப் பிறகு அமெரிக்க அதிகாரிகள் அந்த விமானத்துக்குத் தனிக் கட்டுப்பாடுகளும் சிறப்புப் பயிற்சியும் விதிக்க வேண்டியிருந்தது. ஒற்றை ஆள் விமானத்தை ஓட்டிக்கொண்டு, வானொலியில் பதில் சொல்லிக்கொண்டு, மறுகையால் கைவிளக்கை அடித்து இறக்கையையும் பார்க்க வேண்டும் என்பதே உங்கள் ஆணையின் நடைமுறைப் பொருள்.

சரக்கு ஏற்றுவதும் அப்படித்தான். லாரி தாமதமாக வரும், தாமதத்தை விமானி ஈடுகட்ட வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். எடைச் சீட்டு, பொதிகளை எடை போடுவதற்கு முன்பே தயாராகியிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். பொதிமேல் எழுதியிருப்பதைக் கூட்டினால் ஒரு தொகை, சீட்டில் வேறொரு தொகை. சிறிய விமானத்தில் வால்பக்கம் கூடுதலாக ஏறிய சில பெட்டிகளே அதன் சமநிலையைக் கெடுக்கப் போதும். வலையின் கொக்கிகள் எல்லாம் மாட்டியிருக்கின்றனவா என்று நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு பொதிகளுக்கிடையே ஊர்ந்து போய்ப் பார்ப்பவரும், வெளியே எரிபொருள் மூடியைத் தொட்டுப் பார்ப்பவரும், வானிலை அறிக்கையைப் படிப்பவரும் ஒரே ஆளாக இருந்தால், மூன்றில் ஒன்று அவசரத்தில் முடியும்.

இவ்வளவுக்கும் அடிப்படையாக உங்கள் விதிகளில் ஒரு கணக்கு இருக்கிறது. அதைத்தான் நான் முக்கியமாக எதிர்க்கிறேன். தரை நெருங்குவதை எச்சரிக்கும் கருவியைச் சர்வதேச விதிகள் 5,700 கிலோவுக்கு மேற்பட்ட அல்லது 9 பயணிகளுக்கு மேல் ஏற்ற அனுமதிக்கப்பட்ட டர்பைன் விமானங்களுக்குக் கட்டாயமாக்கின. அமெரிக்க விதி 6 பயணி இருக்கைகளிலிருந்து தொடங்குகிறது. இரண்டாவது விமானியோ, அவருக்குப் பதிலாக ஆட்டோபைலட்டோ வேண்டும் என்ற அமெரிக்க விதியும் சிறிய வாடகை விமானங்களில் பயணிகளை ஏற்றினால் மட்டுமே பொருந்தும். அதாவது ஒரே விமானம், ஒரே மலை, ஒரே இருட்டு. இருக்கைகளைக் கழற்றிவிட்டுப் பெட்டிகளை ஏற்றினால், மலை வருகிறதென்று சொல்லும் கருவி தேவையில்லாமல் போகிறது. நீங்களும் இதே கணக்கைப் பின்பற்றியிருக்கிறீர்கள். முன்னால் உட்கார்ந்திருப்பவர் அந்தக் கணக்கில் எங்கேயும் வருவதில்லை. கீழே உறங்குபவர்களும் வருவதில்லை. 1992 அக்டோபர் 4 மாலையில் ஆம்ஸ்டர்டாமில் அடுக்குமாடிக் குடியிருப்பின் மீது விழுந்த போயிங் 747 ஒரு சரக்கு விமானம். இறந்த 43 பேரில் விமானத்தில் இருந்தவர்கள் 4 பேர் மட்டுமே. சிறிய விமானம் அவ்வளவு பெரிய அழிவை உண்டாக்காது. ஆனால் எங்கள் இறங்குபாதைகளும் வீடுகளின் கூரைகளுக்கு மேலேதான் போகின்றன.

பாதுகாப்பில்லை என்று தோன்றினால் விமானி மறுக்கலாம் என்று உங்கள் அதிகாரிகள் ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்கிறார்கள். சட்டப்படி அது உண்மை. ஆனால் இந்த வேலைக்கு வருபவர்களில் பலர், பெரிய விமானத்துக்குப் போகும் முன் பறப்பு நேரம் சேர்த்துக்கொள்ள வரும் இளைஞர்கள். பயிற்சிக் கடன் தலைக்கு மேல் இருக்கும். வானிலை சரியில்லை என்று நடுநிசியில் தொலைபேசியில் சொன்னால், மறுமுனையில் இருப்பவர் திட்டுவதில்லை. மற்றவர் நேற்று இதே வானிலையில் போனாரே என்று மென்மையாகக் கேட்பார். அதற்குப் பிறகு அட்டவணையில் அந்தப் பெயர் குறையும். என்னிடம் பயின்ற ஒருவர், இறக்கையில் பனி இருந்ததால் புறப்பட மறுத்துவிட்டு, மறுநாள் விளக்கக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. அவர் எழுதியது சரியா என்று என்னிடம் காட்டிக் கேட்டபோது, அதில் மன்னிப்பு என்ற சொல் இருந்தது. இரண்டு பேர் இருக்கும்போது மறுப்பது எளிது, ஏனென்றால் ஒருவர் வாய் திறந்தால் மற்றவர் துணை நிற்பார். அந்தத் துணையையும்தான் உங்கள் ஆணை அப்புறப்படுத்துகிறது.

செலவு உண்டு என்பதை மறுக்கவில்லை. துணை விமானிக்குச் சம்பளம் தர வேண்டும், அவருடைய எடைக்கு ஈடாகச் சில பெட்டிகள் குறையும், சில வழித்தடங்கள் லாபம் தராமல் போகலாம். ஒரு பொதியை மறுநாள் காலைக்குப் பதிலாக மாலையில் கொடுக்க நேர்ந்தால், பெரும்பாலான பொதிகளுக்கு அதனால் கெடுதல் ஒன்றும் இல்லை. உண்மையிலேயே விடியலுக்குள் போய்ச் சேர வேண்டிய மருந்தும் இரத்தமும் இருந்தால், அவற்றைப் பாதுகாப்பாகக் கொண்டுசேர்க்கும் செலவை ஏற்க வேண்டியவர் சம்பளமில்லாமல் அபாயத்தைச் சுமக்கும் விமானி அல்ல.

ஆகவே உங்களிடம் கேட்பவை இவை. ஒற்றை விமானி விலக்கை நிரந்தரமாக்கிய ஆணையை, இரவுப் பறப்பைப் பொறுத்தவரை உடனே நிறுத்திவையுங்கள்; சூரியன் மறைந்த பின் கருவிகளை நம்பிப் பறக்கும் எந்தச் சரக்கு விமானத்திலும் அந்த ரக விமானத்தில் பயிற்சி பெற்ற இரண்டு விமானிகள் இருக்க வேண்டும் என்று விதியுங்கள். அது நடைமுறைக்கு வரும் இடைக்காலத்தில், ஆட்டோபைலட் பழுதான விமானத்தைத் தனி விமானி இரவில் எடுத்துச் செல்வதை இன்றே தடைசெய்யுங்கள். இதற்குப் பணமோ புதிய சட்டமோ தேவையில்லை, ஒரு சுற்றறிக்கை போதும். தரை எச்சரிக்கைக் கருவியையும், தனி மின்கலத்தில் இயங்கும் மாற்றுத் தொடுவானக் கருவியையும், குரல் பதிவுக் கருவியையும் இருக்கைக் கணக்கோ எடைக் கணக்கோ பாராமல் எல்லா இரவுச் சரக்கு விமானங்களுக்கும் கட்டாயமாக்கி, அதற்கு ஒரு கெடு தேதியை அறிவியுங்கள்.

பயணிகள் விமானிகளுக்கு உள்ள ஓய்வு விதிகளை ஒரு சொல்லும் குறையாமல் எங்களுக்கும் பொருத்துங்கள்; படுக்கையும் இருட்டறையும் தராத காத்திருப்பை ஓய்வாகக் கணக்கிடாதீர்கள். கருவிகள் ஒன்றுக்கொன்று முரண்படும் நிலையில் என்ன சொல்வது, யார் ஓட்டுவது என்பதை இரவுச் சூழலை உருவாக்கும் சிமுலேட்டரில் ஆண்டுதோறும் பயிற்றுவிக்கச் செய்யுங்கள். ஒற்றை எஞ்சின் விமானங்களை இரவில் அனுமதிப்பதானால், 2017-இல் ஐரோப்பா செய்ததுபோல, எஞ்சின் நிலையைத் தொடர்ந்து கண்காணிப்பது, அவசரமாக இறங்கக்கூடிய இடங்களை முன்கூட்டியே தேர்ந்து வழித்தடம் வகுப்பது போன்ற நிபந்தனைகளோடு மட்டும் அனுமதியுங்கள். பறக்க மறுத்த விமானியிடம் நிறுவனம் விளக்கம் கேட்டால், அந்தக் கடிதத்தின் நகல் அதே நாளில் உங்களுக்கு வர வேண்டும் என்று ஆணையிடுங்கள்.

கடைசியாக, உங்கள் ஆய்வாளர்களில் ஒருவரை, முன்னறிவிப்பு இல்லாமல், ஏதாவது ஒரு சரக்கு நிலையத்துக்கு அதிகாலை 3 மணிக்கு அனுப்புங்கள். ஏற்றும் வேலையைப் பார்த்து, எடைச் சீட்டைப் பொதிகளோடு ஒப்பிட்டு, அடுத்த விமானத்தின் வலப்பக்க இருக்கையில் அமர்ந்து திரும்பி வரட்டும். அவர் எழுதும் அறிக்கையை வெளியிட்டு, எங்கள் ஆட்சேபங்களுக்கு ஒவ்வொன்றாக, காரணத்தோடு, எழுத்தில் பதில் தாருங்கள்.

இப்படிக்கு,
முன்னாள் சரக்கு விமானக் கேப்டன், பயிற்றுநர்